மூன்றாம் நாள் தடிப்பு

விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டான் பெருவாயன். தப்பு அதுதான்.

உடம்புக்குள் இருப்பதெல்லாம் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், பொன்னரசி என்ற சிறுமியின் இடது தோளில், தோலுக்கு அடியில் காவல் உயிரணுவாக அவன் இருந்தான். வந்தவனை விழுங்குவதுதான் வேலை. யாரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லை.

பொன்னரசியின் அப்பன் காசநோயில் ரத்தமாக இருமிக்கொண்டிருந்தான். ஒரே குடிசை, ஒரே காற்று. இன்றோ நாளையோ அவள் நெஞ்சுக்குள்ளும் கிருமி புகும். வைத்தியர் முந்திக்கொண்டார். அந்தக் கிருமியின் வம்சத்திலேயே ஒரு நோஞ்சானைப் பிடித்து அவள் தோளில் ஊசியால் இறக்கினார்.

பெருவாயன் ஒரே வாயில் விழுங்கினான். செரிக்கவில்லை. வந்தவன் மேலெல்லாம் மெழுகுப் போர்வை. வயிற்றுக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்தான். ஒருவன் இருவரானான். இருவர் நால்வரானார்கள்.

ரோந்து வந்த கிளைக்கையன் நின்றான்.

"என்னண்ணே, எத்தனாவது மாசம்?"

"வாயை ஒடச்சிருவேன். போடா."

"ஒடையப் போறது ஒன் வயிறு. நோஞ்சானுக்கே இந்தப் பாடுன்னா, நெசமானவன் நெஞ்சுக்குள்ள வந்தா இந்தப் புள்ள என்னாகும்? போர்வையில ஒரு கிழிசல் குடு. அக்குள் கழலையில இருக்காளே, அடையாளம் பாத்துப் படை சேக்குற ஆராயி, அவகிட்ட காட்டுறேன்."

ஊரைக் கூட்டுவதா? மானம் என்னாவது? வயிறு சுருக்கென்றது. கிழித்துக் கொடுத்தான்.

வாரங்கள் போயின. தோளில் கொப்புளம் பழுத்தது. குடிசையில் இருமல் நிற்கவில்லை. பெருவாயன் வெடிக்கப் போகிற நேரத்தில் ஆராயி கூட்டத்தோடு வந்தாள். அவன் சீறினான்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"முன்னப்பின்ன பாக்காதவனுக்கு ஆள் சேக்க வேணாமா? இனிமே இந்தப் போர்வை எங்க தெரிஞ்சாலும் மூணே நாள்ல வந்துருவேன்." அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "இப்பச் செரிச்சுப் பாருண்ணே!"

செரித்தது. புண் ஆறித் தழும்பாயிற்று. ஆராயி அக்குளுக்குத் திரும்பினாள்.

ஊசி பலித்ததா என்று வைத்தியருக்குச் சந்தேகம் தீரவில்லை. ஆளில்லாத வெறும் போர்வைக் கிழிசலை எடுத்து, பொன்னரசியின் முன்கையில் ஊசியால் போட்டார். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். ஆராயி மறந்துவிட்டாளா? மேலே தோளில் பெருவாயனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் மறந்தால் பிள்ளை போச்சு.

மூன்றாம் நாள் காலை முன்கை கெட்டியாகத் தடித்தது. வந்துவிட்டாள். நெஞ்சிலும் அவள் ஆட்கள் நின்றார்கள். அப்பன் இருமலில் ஏறி வந்த நிஜமானவன் வாசலிலேயே மாட்டினான்.

அன்று முதல்தான் தோளில் தழும்பும், முன்கை ஊசிக்கு மூன்றாம் நாள் தடிப்பும். தடிப்பைக் கண்டதும் நோய் என்று அலறாதே. நோயா இல்லையா என்பதை வைத்தியர் பார்த்துக்கொள்வார். அந்தப் போர்வையை அறிந்தவள் ஒருத்தி உள்ளே இருக்கிறாள், தடிப்பு சொல்வது அவ்வளவுதான். யார் அவள்? அக்குள் ஆராயி.