முருங்கைக்குள் மாராயி சுற்றிய நூல்

மரமும் மனிதரும் கூசாமல் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், மாராயி என்று ஒருத்தி இருந்தாள். தறிக்காரர்களுக்கு நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. கைக்குழந்தைக்காரி. பால் வற்றிப்போய், பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. கொல்லையில் ஒரு முருங்கை நின்றது. அரிசி கழுவின தண்ணீரை மாராயி அதற்குத்தான் ஊற்றுவாள்.

"தாயே, ஒரு பிடி கீரை கொடேன். பிள்ளை போயிடும் போலிருக்கு" என்று அதனிடம் கேட்டாள்.

முருங்கை குலுங்கிக் குலுங்கி அழுதது. "தண்ணி ஊத்தின உனக்குத் தராம யாருக்குத் தரப் போறேன் அக்கா? என்னால முடியலையே! உள்ளே பாரு."

அந்தக் காலத்து மரம் பட்டையைக் கதவு மாதிரித் திறக்கும். மாராயி எட்டிப் பார்த்தாள். அடேயப்பா! ஒவ்வொரு துளி இடத்திலும் ஒரு நீள நூல். வேரிலும் அதே நூல், கிளையிலும் அதே நூல். ஒரு மரம் செய்யவேண்டிய அத்தனை வேலையையும் அந்த நூல்தான் சொல்ல வேண்டும். முழுக்க அவிழ்ந்து கிடந்ததால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கத்தியது. "வேர் விடு! துளிர்! பூ! காய்!" சந்தைக்கடை தோற்றது போங்கள். வேர் மண்ணுக்குள் பூத்து அழுகியது. கிளை வேர்விட்டு வெயிலில் காய்ந்தது. அப்புறம் இலை எங்கே வரும், பாவம்?

மேலே உட்கார்ந்திருந்த அணிலுக்குக் கொழுப்பு. "முருங்கை பருத்தாத் தூணாகுமா? இதைப் போய்த் தாயேங்கிறியே! தள்ளு, வேண்டாத நூலை நான் கடிச்சுப் போடறேன். வேருக்குப் பூ எதுக்கு?"

"வாயை மூடு! நூல்காரிகிட்ட அறுக்கிற பேச்சு பேசாதே. இன்னிக்கு வேண்டாதது நாளைக்கு வேணும். சுத்தித்தான் வைக்கணும்" என்றாள் மாராயி.

சுற்றத்தான் வழியில்லை, அவள் குச்சி உள்ளே நுழையாது. கழுத்திலே தாய்வீட்டில் போட்ட கருகமணி கிடந்தது. அதைவிட்டால் பொட்டு நகை கிடையாது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பட்டென்று இழுத்து மணிகளை உதிர்த்தாள்.

"இப்ப மட்டும் அறுக்கலாமோ?" என்றது அணில்.

"என் கழுத்து, என் மணி. உனக்கென்ன?"

கிளைக்குள் கைவிட்டாள். நூலில் வேர், பூ, காய் என்று கத்திய இடத்தையெல்லாம், குச்சிக்குப் பதிலாக ஒவ்வொரு மணியிலும் சுற்றி இறுக்கினாள். இறுக்க இறுக்க அந்தச் சத்தம் அடங்கியது. "துளிர்" என்ற இடத்தை மட்டும் தளர விட்டாள். வேருக்குள் வேர்ப் பேச்சைத் தளர்த்தி, மற்றதை இறுக்கினாள். அதற்குள் மணி தீர்ந்துவிட்டது.

"போதும் அக்கா, விதம் புரிஞ்சுபோச்சு. மிச்ச மணியை நானே செஞ்சுக்கறேன்" என்றது முருங்கை.

பொழுது சாய்வதற்குள் கிளையெல்லாம் கீரை. மாராயி உருவி வதக்கி வயிறாரத் தின்றாள். பால் ஊறியது. பிள்ளை சப்புக்கொட்டிக் குடித்தது. அவள் முருங்கையைக் கட்டிக்கொண்டு, "நீ நல்லாயிருக்கணும்டி" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அடுத்து வந்த ஆடிக் காற்றில் மரம் வேரோடு சாய்ந்தது. "என் பிள்ளையைக் காப்பாத்தினவளே, போயிட்டியே!" என்று மாராயி மார்பில் அடித்துக்கொண்டாள்.

ஒடிந்து கிடந்த கொம்பு ஒன்று பேசியது. "அழாதே அக்கா. வேர் விடற வேலை எனக்குள்ளேயும் இருக்கு. அன்னிக்கு நீ அறுக்க விடலையே, சுத்தித்தானே வச்சே? என்னை மண்ணிலே ஊனு. நானே அவிழ்த்துக்கறேன்."

ஊன்றினாள். கொம்பு வேர் பிடித்துத் துளிர்த்தது. முதல் பிடி கீரையை, அடுத்த தெருவில் பிள்ளை பெற்றுக் கிடந்தவள் வீட்டுக்கு மாராயி தானே எடுத்துக்கொண்டு ஓடினாள்.

முருங்கைக் கொம்பை ஒடித்து எங்கே ஊன்றினாலும் உயிர் பிடிக்கிறதே, அது அன்றையிலிருந்துதான். பிள்ளை பெற்ற வீட்டுக்கு, அவர்கள் கேட்கும்முன்னே ஒரு பிடி கீரை போய்ச் சேருவதும் அன்றையிலிருந்துதான்.