அன்னக்கொடி கல்யாணத்து விறகு

சோளங்குறிச்சியில் மூளைக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. யாராவது செலவழித்தால்தானே பஞ்சம் வரும்! அந்த ஊரில் கல்யாணப் பந்திக்கு விறகு சேர்ப்பது பெண்ணின் தாய்மாமன் பொறுப்பு. அன்னக்கொடிக்கு மாமன்கள் மூன்று பேர்: தவசி, மொக்கராசு, பிச்சாண்டி. பாவம், அந்தப் பெண்.

சமையல்காரர் குற்றாலம் கோடையிலேயே வந்து படித்துப் படித்துச் சொன்னார். “கருவேலங்கட்டையாப் பாருங்க. லேசான மரம் ஆகாது, கையில எடுத்தா கனக்கணும். பொளந்து, காத்தாட அடுக்கி, வெயில்ல காயப் போடுங்க. காஞ்ச கட்டைன்னா நுனியில வெடிப்பு விட்டிருக்கும், தட்டினா டங்குன்னு கேக்கும்.”

வெட்டினார்கள், பிளந்தார்கள், அடுக்கினார்கள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணம் நெருங்கும்போது மொக்கராசு ஒரு கட்டையைத் தூக்கிப் பார்த்து அலறினான்.

“அண்ணே, கனத்தைக் காணோம்!”

“யாரு எடுத்திருப்பா?” என்றான் பிச்சாண்டி.

தவசி நெடுநேரம் யோசித்தான். “வெயிலுதான். நம்ம கண்ணு முன்னாடியே உறிஞ்சிட்டுப் போயிருக்கு. விடக் கூடாது, திரும்ப ஏத்தணும்.”

அத்தனை விறகையும் கண்மாய்த் தண்ணீருக்குள் தள்ளினார்கள். கல்யாணத்தன்று காலையில் வெளியே எடுத்தபோது ஒரு கட்டையைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. மூவருக்கும் பெருமை தாங்கவில்லை.

அடுப்பு புகைந்தது. அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

“ஊறினது பத்தலையோ?” என்று பிச்சாண்டி கவலைப்பட்டான்.

மாப்பிள்ளையின் அப்பா சங்கையா இருமிக்கொண்டே எழுந்தார். “உச்சிப்பொழுதுக்குள்ள இலை விழலைன்னா, வண்டியைப் பூட்டிக்கிட்டு ஊரைப் பாக்கப் போயிருவோம்!”

அந்தப் பக்கத்தில் பந்தி முடிந்த பிறகுதான் தாலி. அன்னக்கொடி அழுதாள். புகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

குற்றாலம் தலையில் அடித்துக்கொண்டார். “நான் சொன்ன மாதிரி காஞ்ச கட்டை எங்கயிருந்தாவது கொண்டாங்கய்யா!”

மாமன்கள் தட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்கள். “யாரது?” என்று கேட்டது, டங் என்று கேட்கவில்லை. பந்தல்காலைத் தூக்கிப் பார்த்தார்கள், கனமில்லை. கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு சுமையோடு ஓடி வந்தார்கள். நுனியெல்லாம் வெடிப்பு, தட்டினால் டங். குற்றாலம் அவசரத்தில் எதையும் கேட்கவில்லை. அடுப்பு திகுதிகுவென்று எரிந்தது, உலை கொதித்தது.

ஆனால் உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. சங்கையா துண்டை உதறித் தோளில் போட்டார்.

“பூட்டுங்கடா வண்டியை!”

போன ஆட்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். “மாடு நிக்குது. வண்டியைக் காணோம்.”

தவசி கைகட்டி முன்னால் வந்தான். “நல்ல வைரம் பாஞ்ச கட்டை, சம்மந்தி. உங்க சோறு அதுலதான் வேகுது.”

சங்கையா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஊர் வெகுதூரம், வெயிலோ கொளுத்தியது, சாம்பார் மணம் வேறு வந்தது. வாயைத் திறந்தது வீண் போகாமல் பந்தியில் உட்கார்ந்தார். பந்தி முடிந்ததும் அன்னக்கொடி கழுத்தில் தாலி ஏறியது.

கை கழுவிய பிறகுதான் அவருக்கு மறுபடி கோபம் வந்தது. “அடேய், சக்கரமாவது மிச்சம் இருக்கா?”

“அதெல்லாம் பத்திரமா இருக்கு, சம்மந்தி,” என்றான் தவசி. “கனம் கொஞ்சம் பத்தல. கண்மாயில ஊறப் போட்டிருக்கோம், மறுவீட்டு விருந்துக்கு எரிக்கலாம்.”