எதிர் நாற்காலி

உங்களோடு மல்லுக்கு நிற்கிறவருடைய நாற்காலியில் நீங்கள் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? அந்தோணிராஜ் மூன்று நாள் உட்கார்ந்தார்.

அந்தோணிராஜ் இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டர். விருப்ப ஓய்வு வாங்கி, மகளோடு போட்டி போட்டுக்கொண்டு சட்டம் படித்து, ஐம்பத்திரண்டு வயதில் கறுப்புக் கோட்டு மாட்டினார். மதுரையில் வக்கீல் செங்கமலத்திடம் ஜூனியராகச் சேர்ந்தார். செங்கமலத்துக்கு வயது நாற்பத்தொன்று. அவர் இவரை அண்ணே என்பார். இவர் அவரை மேடம் என்பார்.

சிவில் வழக்கில் யார் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்களோ, அவர் பக்கம் நிற்பதுதான் செங்கமலத்தின் தொழில். பதினேழு வருஷமாக அப்படித்தான். அரசாங்கத்து உத்தரவு ஒன்று யாருடைய உரிமையையாவது மிதித்துவிட்டால் மட்டும், அரசியல் சாசனத்தை எடுத்துக்கொண்டு உயர்நீதிமன்றத்துக்குப் போவார்.

அவருடைய அலுவலகத்தில் ஒரு பழக்கம். மேசைக்கு எதிரே ஓர் இரும்பு நாற்காலி கிடக்கும். ஒரு கால் கொஞ்சம் குட்டை. வழக்கு விசாரணைக்கு வருமுன் ஜூனியர் அதில் உட்கார்ந்து எதிர்த் தரப்புக்காக வாதாட வேண்டும். செங்கமலம் போதும் என்கிறவரை எழுந்திருக்கக் கூடாது.

அப்போது அவர்கள் கையில் இருந்தது முத்துப்பேச்சியின் வழக்கு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்க வந்தவர். அவர் சாதியைச் சொல்லி, அவர் சமைத்த சோற்றைப் பிள்ளைகள் தொடக் கூடாதென்று சிலர் வாசலை மறித்தார்கள். வட்டார அதிகாரி குணசீலன், முத்துப்பேச்சியைப் பதினாலு கிலோமீட்டர் தள்ளி வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார். ‘நிர்வாகக் காரணம்’ என்று உத்தரவில் ஒரே வரி.

அந்தோணிராஜ் நாற்பது பக்கம் மனு எழுதியிருந்தார். தீண்டாமை, சமத்துவம், பழைய தீர்ப்புகள், எல்லாம் இருந்தது.

“நல்லா எழுதியிருக்கீங்க. இப்ப அங்க உட்காருங்கண்ணே” என்றார் செங்கமலம்.

“அந்த ஆளுக்காகவா? என் நாக்கு வளையாது மேடம். எதிராளிக்கு நாம ஏன் நியாயம் தேடிக் கொடுக்கணும்? அதுக்குத்தான் அவங்க வக்கீல் இருக்காரே.”

“உட்காருங்கண்ணே.”

உட்கார்ந்தார். மருந்தை முழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கும் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “நான்தான் குணசீலன். எனக்கு மனசாட்சி கிடையாது. ஊர்க்காரன் கண்ணை உருட்டினா கையெழுத்துப் போடுவேன்” என்றார்.

“இப்படிப் பேசுற அதிகாரியை நான் பார்த்ததே இல்லை. நாளைக்கு வாங்க.”

மறுநாளும் அதே கதைதான். வசவு மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.

செங்கமலம் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். “அண்ணே, பஸ்ஸுல டிக்கெட் எடுக்காதவன் என்ன சொல்லுவான்?”

“பின்னாடி எடுத்துட்டாங்கம்பான்.”

“நம்புவீங்களா?”

“நம்ப மாட்டேன். ஆனா சில நாள் நெசமாவே பின்னாடி எடுத்திருப்பாங்க மேடம். நான்தான் அசடு வழிஞ்சிருக்கேன்.”

“பின்னாடி போய்க் கேட்டாத்தானே தெரிஞ்சது?”



அந்தோணிராஜ் மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே வந்து, யாரும் சொல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நாற்காலி ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

“அந்தப் பள்ளிக்கூடத்துல என் பொறுப்புல அறுபத்திரண்டு பிள்ளைங்க” என்று மெல்ல ஆரம்பித்தார். “பாதிக்கு மேல காலையில வெறும் வயித்தோட வரும். மதியச் சோறுதான் சோறு. அதையும் பெத்தவங்க தடுத்துட்டாங்க. ஊரைத் திருத்த எனக்கு வருஷக்கணக்கா ஆகும். பசிக்கு அவ்வளவு நேரம் கிடையாது. அந்தம்மாவுக்குச் சம்பளம் குறையல, வேலை போகல. இடம்தான் மாறுச்சு. பிள்ளைங்க சாப்பிடணும்னுதான் நான் அன்னைக்குக் கையெழுத்துப் போட்டேன்.”

இதற்கு அந்தோணிராஜின் நாற்பது பக்கத்தில் பதிலே இல்லை.

“தோத்துட்டோம் மேடம்.”

“கடைசியா என்ன சொன்னீங்க?”

“அன்னைக்குக் கையெழுத்துப் போட்டேன்னு.” சொன்னவர் நிமிர்ந்தார். “அன்னைக்கு... அன்னைக்குப் பிள்ளைங்க சாப்பிட்டுச்சா, இல்லையா?”

செங்கமலம் போனை அவர் பக்கம் தள்ளினார்.

மறுமுனையில் முத்துப்பேச்சி. “சாப்பிட்டுச்சே சார். புதன், வியாழன் ரெண்டு நாள்தான் வாசல்ல நிப்பாட்டுனாங்க. வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு வறுவல் இல்லையா? வாசனை பிடிச்சிக்கிட்டு அதுகளே ஓடி வந்துருச்சு. நாலஞ்சு பேரைத் தவிர அத்தனையும். மறுவாரம் முழுக்க உக்காந்து சாப்பிட்டுச்சு. உத்தரவு அதுக்கப்புறம்தான் வந்துச்சு.”

“ஏம்மா, இதை நீ எங்ககிட்டச் சொல்லவே இல்லையே?”

“நீங்க கேக்கலையே சார்.”

செங்கமலம் “போதும்” என்றார்.

தலைமை ஆசிரியரிடமிருந்து, தினமும் எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்ற பதிவேட்டின் நகலை வாங்கினார்கள்.

விசாரணை அன்று அரசு வக்கீல் பேசியது, அந்த இரும்பு நாற்காலியில் அந்தோணிராஜ் பேசியதேதான். இவர் பேசியதில் இருந்த உருக்கம்தான் அதில் இல்லை. நீதிபதி தலையசைத்துக் கேட்டார். செங்கமலம் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் பார்த்து, “நீங்க போங்கண்ணே” என்றார்.

எழுந்த அந்தோணிராஜ், அதிகாரியைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. “பிள்ளைகளின் பசிக்காகத்தான் அவர் கையெழுத்திட்டார் என்பதை நாங்கள் நம்புகிறோம் ஐயா. ஆனால் அவர் கையெழுத்திட்ட நாளில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் முத்துப்பேச்சி சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவியிருந்தார்கள்” என்று நகலை நீட்டினார்.

நீதிபதி இரண்டு முறை அந்தப் பக்கத்தைப் புரட்டினார். பிள்ளைகள் கைவிட்ட தீண்டாமையை அரசு கையில் எடுக்கக் கூடாது என்று சொல்லி, உத்தரவை ரத்து செய்தார். அடுத்த திங்கட்கிழமை முத்துப்பேச்சி தன் பழைய அடுப்படிக்குத் திரும்பினார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலை அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு முத்துப்பேச்சி வந்தார். அவருக்குப் பின்னால் தயங்கித் தயங்கி ஒருவர். குணசீலன்.

“இந்த சாருக்கு ஒரு வக்கீல் வேணும் மேடம்” என்றார் முத்துப்பேச்சி. “நான் திரும்பி வந்த அன்னைக்கு வாசல்ல வந்து நின்னாரு. பிள்ளைங்களைச் சாப்பிட விடாம இழுத்துட்டுப் போக வந்த ஊர்ப் பெரிய மனுசனை, சத்தம் போட்டு வெளிய அனுப்புனாரு. இப்ப ஊருக்கு முன்னால அவமானப்படுத்திட்டாருன்னு அந்தப் பெரிய மனுசன் சார் மேல மானநஷ்ட வழக்குப் போட்டுட்டாரு.”

குணசீலன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அன்னைக்கு கோர்ட்டுல நானும் பின்னாடி உக்காந்திருந்தேன். என் பக்கத்து நியாயத்தை என் வக்கீலைவிட நீங்கதான் சரியாச் சொன்னீங்க. அதைக் கேட்டப்பத்தான், பிள்ளைங்க சாப்பிட்டுச்சான்னு நானே கேக்கலைங்கறது எனக்கு உறைச்சுது.”

அந்தோணிராஜ் செங்கமலத்தைத் திரும்பிப் பார்த்தார். இவருக்காகவா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

செங்கமலம் புதுக் கோப்பு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“அண்ணே, அந்த நாற்காலியை இழுத்து சாருக்குப் போடுங்க. நீங்க இப்படி நின்னுக்கிட்டு, அந்தப் பெரிய மனுசனுக்காகக் கொஞ்சம் பேசுங்க.”