அரிசி டப்பாவுக்குள் ஒரு செல்போன்

"திருடனப் பிடிச்சுட்டேன், டீச்சர்."

செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்தார் அந்தோணிமுத்து. இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் எடுக்காத சொந்த மச்சானையே தாழையூத்தில் இறக்கிவிட்ட மனுஷன். ஓய்வுக்குப் பிறகு ஆன்லைன் போக்கர் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அதைக் கற்றுக்கொடுக்கும் ரெஹானாவுக்கு அவர் மகள் வயதுதான்.

நாளைக்கு இறுதிப் போட்டி. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த மேசை வரை வந்திருக்கிறார். கருப்புப்பூனை என்ற பெயரில் ஆடும் ஒருவனும் வந்திருக்கிறான்.

இவருக்கு நல்ல சீட்டு விழுந்தால் பூனை விலகிக்கொள்கிறதாம். மட்டமான சீட்டோடு இவர் உதார் விட்டால் மட்டும் துணிந்து நிற்கிறதாம். பதினான்கு தடவை. எல்லாவற்றையும் தேதி போட்டுப் புகார்க் கடிதமாகவே எழுதி வந்திருந்தார். முதல் வரியில் ஆட்ட விதி: அவரவர் சீட்டை அவரவர் மட்டுமே பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

"இவன்ட்டருந்து எப்படித் தப்பிக்க?"

"ஒரு கை ஆடுங்க சார், பாக்கேன்."

ரெஹானாவின் கணினியில் பயிற்சி மேசையைத் திறந்தார். பூனையும் இருந்தது. அந்தோணிமுத்துவுக்கு விழுந்தது இரண்டு ராஜா. முகமெல்லாம் பல்லாகிவிட்டது. இடது கை தானாகச் செல்போனை எடுத்து, கணினித் திரையைப் படம் பிடித்து அனுப்பியது.

பூனை விலகிக்கொண்டது.

யாருக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டாள். சேர்ந்து கற்றுக்கொள்ளும் குழு என்றார். பதினோரு பேர், எல்லாம் நம்ம ஆட்கள், கேட்டவுடன் யோசனை சொல்வார்கள்.

"நேர்ல பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

ரெஹானா செல்போனை வாங்கினாள். சமையலறைக்குப் போய் அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டு வந்தாள்.

"இப்ப ஆடுங்க."

ஏழும் இரண்டும் விழுந்தன. அதைவிட மட்டமான கை கிடையாது. கேட்க ஆளும் இல்லை. இருந்த பந்தயச் சில்லு அத்தனையையும் நடுவில் தள்ளினார்.

மற்றவர்கள் விலகினார்கள். பூனை மட்டும் பாக்கி. முப்பது விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கியது.

இருபது. பதினைந்து. பூனை இத்தனை நேரம் யோசித்ததே இல்லை. அந்தோணிமுத்து எழுந்து நின்றுவிட்டார். இந்த மூன்று வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் ஆடியதில்லை.

அரிசி டப்பாவுக்குள் மணி அடித்தது.

மறுபடியும் அடித்தது.

ரெஹானா தோண்டி எடுத்து, அரிசியை ஊதிவிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினாள். குழுவிலிருந்து ஒருவர்:

"அண்ணே, என்ன சீட்டு? சீக்கிரம் போட்டோ அனுப்புங்க."

நேரம் முடிந்தது. பூனை விலகியது.

அந்தோணிமுத்து கை தட்டிச் சிரித்தார். இதையும் சேர்த்துவிடலாம் என்று பேனாவை எடுத்தார். ரெஹானா கடிதத்தின் முதல் வரியில் விரலை வைத்தாள்.

"படிங்க சார்."

படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

பிறகு, விதியை மீறியவர் என்ற இடத்தில், கருப்புப்பூனை என்ற பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப நாளைக்கு ஆட்டம்?"

"டிக்கெட் இல்லாதவன இறக்கித்தான விடணும், டீச்சர்."