எது அதிகம்

தமயந்தியிடம் சர்க்யூட் வேலை கற்க வந்தவர்களில் ஜெபமணி வித்தியாசமானவர். ஆசிரியையைவிட வயதில் மூத்தவர். நாகர்கோவிலில் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றின் லிஃப்ட்டுக்குக் கதவு செய்துகொண்டிருந்தார்.

அது மோட்டாரில் தானாக மூடும் இரும்புக் கதவு. நடுவில் ஏதாவது சிக்கினால் மோட்டார் திணறி, கூடுதல் கரண்ட் இழுக்கும். அந்தக் கணமே அது நிற்க வேண்டும்.

தமயந்தி மோட்டாருக்குக் கரண்ட் போகும் வழியில் ஒரு ரெசிஸ்டரை வைத்தாள். அதன் இரு முனைகளிலிருந்தும் ஒரு டிரான்சிஸ்டருக்குக் கம்பி இழுத்தாள்.

"இம்புட்டுதானா, டீச்சர்?"

"இவ்வளவுதான், அண்ணாச்சி. கரண்ட் கூடினா ரெசிஸ்டர்ல வோல்ட்டேஜ் கூடும். ஒரு அளவைத் தாண்டினதும் டிரான்சிஸ்டர் முழிச்சிக்கும். மோட்டார் நின்னுடும்."

ஜெபமணி கை பருமனுள்ள வாழைத்தண்டை இடையில் நீட்டினார். ஆள் உயரக் கதவு வந்து முட்டி நின்றது. மிளகளவே இருந்த அந்தக் கறுப்பு டிரான்சிஸ்டர் அத்தனை இரும்பையும் நிறுத்திவிட்டது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

தண்டை வெளியே எடுத்தார். கதவு அதைப் பாதிவரை நசுக்கியிருந்தது.

சிலிர்ப்பு அடங்கிவிட்டது. ரெசிஸ்டரை மாற்றினார். இப்போது கதவு நகரத் தொடங்கும்போதே நின்றது. மறுபடி மாற்றினார். மறுபடி தண்டு நசுங்கியது. மதியச் சாப்பாடு ஆறிக் கிடந்தது.

கடைசியில் கேட்டார்: "கணக்கு எல்லாம் சரியாத்தான் வருது, டீச்சர். ஆனா எதை அதிகம்னு வைக்கிறது?"

தமயந்தி வேறொரு ரெசிஸ்டரைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டு, தன் மணிக்கட்டைக் கதவின் வழியில் வைத்தாள்.

"டீச்சர், வேண்டாம்."

அவர் ஓடி வருவதற்குள் கதவு வந்து தொட்டு நின்றது. அவள் கையை எடுத்துப் பார்த்தாள். சிவப்பாக ஒரு கோடு. ரெசிஸ்டரைக் கழற்றி, சற்றே கூடுதல் மதிப்புள்ளதைப் போட்டாள். மறுபடி கையை வைத்தாள்.

இம்முறை கோடு இல்லை. கையை எடுத்து மறுபடி சுவிட்சைப் போட்டதும் கதவு தடையில்லாமல் முழுதாக மூடியது.

ஜெபமணி அவள் மணிக்கட்டைப் பார்த்தார்.

"உங்க கையை எதுக்கு வச்சீங்க, டீச்சர்?"

"எது அதிகம்னு டிரான்சிஸ்டருக்குத் தெரியாது, அண்ணாச்சி. வலிக்கிறவங்கதான் அதுக்குச் சொல்லிக்கொடுக்கணும்."

ஜெபமணி சட்டைக் கையை மடித்துக்கொண்டு கதவருகே போனார்.