ஒன்றரை முடி இடைவெளி

சவரிராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் தேடிப் போன குருவுக்கு முப்பத்து நான்கு.

குருவுக்குத் தாடி கிடையாது, ஆசிரமம் கிடையாது. ஆவாரம்பாளையத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை இருந்தது. யார் பேசினாலும் பாதியிலேயே வெட்டிவிடும் வழக்கமும் இருந்தது. பெயர் தெய்வானை. பைக் எஞ்சினின் சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போட்டு, இழுவையைக் கூட்டித் தருவாள். பந்தயத்துக்குக் கட்டமாட்டாள். தெருவில் ஓடுகிற வண்டிக்கு மட்டும்தான்.

சவரிராஜ் பட்டறை வாசலில் சாக்குப்பையோடு நின்றார். பைக்குள் ஒரு சிலிண்டர், ஒரு பிஸ்டன்.

“ரெண்டு தடவை கட்டினேன் அம்மணி. ரெண்டு தடவையும் பிடிச்சிருச்சு. இது மூணாவது. மாட்டறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு.”

பிடிப்பது என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிவிடுவது. எஞ்சின் சட்டென்று நிற்கும். பின்சக்கரம் நிற்கும். மேலே உட்கார்ந்திருப்பவர் மட்டும் நிற்கமாட்டார்.

“எங்க பிடிச்சுதுங்ணா?”

“முதல் தடவை சிங்காநல்லூர் சிக்னல்.”

“அப்புறம்?”

“ஹோப் காலேஜ் சிக்னல். நின்னு எடுக்கும்போது.”

“பைபாஸ்ல?”

“நூறுல போனேன். வழுக்கிட்டுப் போச்சு.”

“சத்தம் எப்படி?”

சவரிராஜின் முகம் மலர்ந்தது. “சத்தமா? எஞ்சின் ஓடுதா நிக்குதான்னு கையை வெச்சுத்தான் பாக்கணும்.”

“ம்,” என்றாள் தெய்வானை.

அந்தப் பெருமைக்குக் காரணம் இருந்தது. முப்பது வருஷம் அவர் ஒரு பம்ப் கம்பெனியில் துளை குடைகிற மெஷினில் நின்றவர். தலைமுடியின் கனத்தில் பாதி, அதுதான் அவர் அளவு. அதைத் தாண்டி இடைவெளி விட்டால் பம்ப் ஒழுகும். ஒழுகினால் திரும்பி வரும். முப்பது வருஷத்தில் அவர் குடைந்த ஒரு பம்ப்கூடத் திரும்பி வந்ததில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தபோது, அந்தக் கை சும்மா இருக்க மறுத்தது.

வண்டி அவருடையது அல்ல. அவர் மனைவி பெர்னதெத்துடையது. போத்தனூரில் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். இருபத்திரண்டு வருஷமாக அந்த முந்நூற்றைம்பது சிசி வண்டியில்தான் பள்ளிக்குப் போவாள், கோத்தகிரியில் இருக்கும் தங்கை வீட்டுக்கும் போவாள். ஒரு நாள் வாய்தவறி, “ஏத்தத்துல கொஞ்சம் மூச்சு வாங்குதுங்க” என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் வண்டி கூடத்தில் எழுபது துண்டாகக் கிடந்தது. அதற்கு அப்புறம் எட்டு மாதமாக இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போகிறாள்.

நடுவே இரண்டு தடவை ஓட்டக் கிடைத்தது. இரண்டாவது தடவை, ஹோப் காலேஜ் சிக்னலில், அவள்தான் ஓட்டினாள். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டி சாய்ந்து, முழங்கைத் தோல் உரிந்தது. பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றது. லாரி டிரைவர் இறங்கி வந்து திட்டினான். பெர்னதெத் எழுந்து புடவையை உதறிக்கொண்டு அவனைத் திருப்பித் திட்டினாள். வீட்டுக்கு வந்தவள் அவரை மட்டும் திட்டவில்லை; சாவியை ஆணியில் மாட்டிவிட்டு முழங்கையைக் கழுவப் போனாள். சவரிராஜுக்கு அதுதான் மறக்கவில்லை.

“இதுதான் கடைசி அளவு அம்மணி,” என்றார். “பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் சுவர் கீறி, இன்னும் அகலமாக் குடைய வேண்டியதாப் போச்சு. இதுக்கு மேல குடைய சிலிண்டர்ல இரும்பு இல்ல. இந்த மாடலுக்குப் புதுசும் கிடைக்காது.”

“எவ்வளவு இடைவெளி விட்டிருக்கீங்க?”

“அரை முடி.”

“நாளைக்கு ரயில்வே கேட்டுல போய் நில்லுங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும்.”

“நின்னு?”

“வண்டிகளைப் பாருங்க.”

வீட்டில் பெர்னதெத் கேட்டாள். “வாத்தியாரம்மா என்ன சொல்லிக் குடுத்தாங்க?”

“கேட்டுல நிக்கச் சொன்னாங்க.”

“நல்லாப் போச்சு. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், நீங்க கேட்டுல நில்லுங்க. வண்டி கூடத்துல நிக்கட்டும். இந்த வீட்டுல நகர்றது கடிகாரம் மட்டும்தான்.”

சவரிராஜ் போய் நின்றார். கேட் பதினோரு தடவை மூடியது. வெயிலில் பைக்குகள் வரிசையாக எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்றன. நின்ற வண்டிகளின் மேல் காற்று நடுங்கியது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைவலி மட்டும் வந்தது.

மறுநாள் அதைத்தான் தெய்வானையிடம் சொன்னார். அவள் பக்கத்து மெஸ்ஸில் போய் ஓர் அண்டாவை வாங்கி வந்தாள். தண்ணீர் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள். கொதித்ததும் அவருடைய பிஸ்டனை எடுத்து உள்ளே போட்டாள்.

“அய்யோ அம்மணி!”

“வேகாதுங்ணா.”

கால் மணி நேரம் கழித்து இடுக்கியால் எடுத்து, கையுறை மாட்டிய கையில் நீட்டினாள். “சிலிண்டருக்குள்ள விடுங்க.”

பிஸ்டன் வாயிலேயே நின்றது. சவரிராஜ் திருப்பிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார்.

“சூட்டுல விரிஞ்சிருக்குது. அது தெரியாதா எனக்கு?” என்றார் சற்றுச் சூடாக. “ஆனா எஞ்சின்ல சிலிண்டரும்தானே சூடாகுது? அதுவும்தானே விரியும்?”

தெய்வானை சிலிண்டரையும் பிஸ்டனையும் சேர்த்து அண்டாவில் போட்டாள். இரண்டு பேரும் டீ குடித்தார்கள். பிறகு இரண்டையும் எடுத்து வைத்தாள்.

இந்தத் தடவை பிஸ்டன் அரை விரல் இறங்கியது. அங்கேயே கவ்விக்கொண்டது. சவரிராஜ் கட்டையால் தட்டினார். நகரவில்லை.

“இது இரும்பு, மெதுவாத்தான் விரியும். அது அலுமினியம், பொசுக்குனு ஊதிரும்,” என்றாள் தெய்வானை. “பெரிய பிஸ்டன், பெரிய ஊத்தம். இத்தனைக்கும் இது வெந்நி. எஞ்சினுக்கு இது குளிக்கிற சூடுங்ணா.”

“அப்புறம் பைபாஸ்ல எப்படி ஓடுச்சு?”

“ஓடும்போது காத்து ஆத்திக் குடுத்துச்சு. சிக்னல்ல யாரு ஆத்துவாங்க?”

சவரிராஜ் கவ்விக்கொண்டு நின்ற பிஸ்டனைப் பார்த்தார். அவர் குடைந்த பம்புகள் எல்லாவற்றிலும் முப்பது வருஷமும் குளிர்ந்த தண்ணீர்தான் ஓடியது.

எல்லாம் ஆறியதும் தெய்வானை ஹோனிங் கல்லை அவர் கையில் வைத்தாள். சிலிண்டரின் உள்சுவரை உரசி எடுக்கிற கல்.

“இன்னும் ஒரு முடி எடுங்க.”

“மொத்தம் ஒன்றரை முடியா? ஆடுமே அம்மணி! சூடேறாத எஞ்சின்ல டிக் டிக்னு அடிக்கும். பாக்கிறவங்க, எவன் கட்டினான் இதைன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும்.”

“எடுத்தது எடுத்ததுதான். திரும்ப ஒட்ட முடியாது.”

“முடியாதுங்க.”

அவர் சிலிண்டரின் வாயை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். பிறகு உரசினார். சாயங்காலம் மறுபடியும் அண்டா. மறுபடியும் இரண்டும் சேர்ந்து வெந்தன. இந்தத் தடவை பிஸ்டன் அவசரமே இல்லாமல் அடிவரைக்கும் இறங்கியது.

சனிக்கிழமை பட்டறையில் எஞ்சினைப் பூட்டி முடித்தார்கள். தெய்வானை சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். பெர்னதெத் கைப்பையிலிருந்து வேளாங்கண்ணித் தீர்த்தத்தை எடுத்து டேங்க் மேல் தெளித்தாள். யாருடைய ஏற்பாட்டையும் யாரும் ஆட்சேபிக்கவில்லை. இரண்டு தடவை பிடித்த எஞ்சின்.

மூன்றாவது உதையில் கிளம்பியது. டிக், டிக், டிக்.

சவரிராஜ் முகத்தைச் சுளித்தார். அவர் கட்டிய எதுவும் இப்படிச் சத்தம் போட்டதில்லை.

“ஊரெல்லாம் மெதுவாச் சுத்திட்டு, பன்னெண்டு மணிக்குக் கேட்டுக்குப் போங்க,” என்றாள் தெய்வானை. “எஞ்சினை அணைக்காதீங்க.”

“நான் தனியாப் போறேன்,” என்றார் சவரிராஜ்.

“தனியாவா?” பெர்னதெத் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். “விழுந்தா எனக்கு யார் வந்து சொல்றது? ஓட்டுங்க.”

“பெர்னா, வேண்டாம்.”

“எட்டு மாசமா நான் நடந்த நடைக்கு வேளாங்கண்ணி போய்த் திரும்பியே வந்திருக்கலாம். ஓட்டுங்கன்னா ஓட்டுங்க.”

அவர் தோளைப் பிடித்திருந்த அவள் கையில் முழங்கைத் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. கண்ணாடியில் அது அவருக்குத் தெரிந்தது.

கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ. ஏப்ரல் மாத நடுப்பகல். காற்று என்பதே இல்லை. எஞ்சின் ஓடியது. டிக், டிக். அவர் கால்களில் சூடு ஏறியது. ஒரு கூட்ஸ் வண்டி வந்து, எண்ண முடியாத பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனது. கேட் திறக்கவில்லை. எதிர்த் திசையில் இன்னொன்று வரவேண்டியிருந்தது.

டிக், டிக், டிக்.

பிறகு அந்தச் சத்தம் தேய்ந்தது.

பிறகு நின்றுவிட்டது. எஞ்சின் மட்டும் கும்மென்று ஓடியது.

இந்த அமைதி சவரிராஜுக்குத் தெரியும். சிங்காநல்லூரிலும் ஹோப் காலேஜிலும் பிடிப்பதற்கு முன்னால் கேட்ட அதே அமைதி. இடைவெளி மூடிக்கொண்டு வருகிறது. கை தானாகச் சாவிக்குப் போனது.

“என்னங்க?” என்றாள் பெர்னதெத்.

அணைக்காதீங்க என்று தெய்வானை சொல்லியிருந்தாள். அவர் கையை எடுத்தார். இரண்டாவது ரயிலும் போனது. கேட் ஏறியது. தண்ணீர் லாரி நகர்ந்தது. கிளட்ச்சை விடும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி போனது.

தண்டவாளம் தாண்டியது, மேடு ஏறியது, லாரியை முந்தியது. சவரிராஜ் நூறடி தள்ளி ஓரங்கட்டி, ஸ்டாண்டைப் போட்டு, வேலிக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“அழறீங்களா?”

“வேர்வை.”

“கண்ணுலயா வேர்க்கும்? எந்திரிங்க, பின்னாடி உக்காருங்க,” என்று பெர்னதெத் கைப்பிடியைப் பிடித்தாள். “இனிமே என் வண்டி.”

அடுத்த வாரம் அவள் கோத்தகிரி ஏறி, தங்கை வீட்டில் ஒரு நாள் தங்கிவிட்டுத் திரும்பி வந்தாள். எங்கும் மூச்சு வாங்கவில்லை, எங்கும் நிற்கவில்லை. கோத்தகிரி கேரட் ஒரு பை, தைலம் இரண்டு பாட்டில். தைலம் ஒன்று தெய்வானைக்கு.

சவரிராஜ் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்த பிறகும் நின்றார்.

“இன்னும் என்னங்ணா?”

“எல்லாம் நல்லாத்தான் இருக்குது அம்மணி. ஆனா தினம் காலையில எடுக்கும்போது அந்த டிக் டிக். சூடாகறவரைக்கும். தெருவே கேக்குது. எனக்குத்தான் மனசு கேக்க மாட்டேங்குது. அந்தச் சத்தத்தைச் சுத்தமா எடுக்கவே முடியாதா?”

தெய்வானை தைலப் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

“ஏன் முடியாது?” என்றாள். “நீங்கதான் ரெண்டு தடவை எடுத்தீங்களே.”