சும்மா இருந்து உழுத அரசர்

சீன தேசத்தில், மஞ்சள் நதிக்குத் தெற்கே ஒரு சின்ன ராஜ்யம். அதை ஆண்ட ஹுவான் அரசர் தங்கமான மனிதர்தான். கைதான் சும்மா இருக்காது. அடுக்களைக்குள் போனால் சமையல்காரருக்கு உப்புப் போடக் கற்றுக்கொடுப்பார். வில்லாளியைக் கண்டால் முழங்கையை நிமிர்த்திவிடுவார்.

வசந்தம் பிறந்ததும் வயலில் முதல் உழவுச்சால் அரசர்தான் ஓட்ட வேண்டும். அது அந்நாட்டு வழக்கம். பிறகுதான் குடியானவர்கள் ஏர் பூட்டுவார்கள். நம் அரசரோ தம் சால் ஓட்டிய பிறகும் அரண்மனைக்குத் திரும்ப மாட்டார். ஒவ்வொரு ஏரையும் நிறுத்தி, "இன்னும் ஆழமாகப் பிடி" என்பார். இதனால் போன வருஷம் பாதி நிலம் தரிசாகக் கிடந்தது. ஜனங்கள் கஞ்சிக்கு அலைந்தார்கள்.

இந்த வருஷமும் அதே கதையாகிவிடுமோ என்று அமைச்சர் லூ ஷென் கவலைப்பட்டார். சால் ஓட்டி வந்த அரசரிடம் மெல்லப் பேச்செடுத்தார்.

"அரசே, மலைத் துறவிகள் தாவோ என்று ஒரு வழி சொல்கிறார்கள். ஆள்கிறவர் சும்மா இருந்தால் காரியம் தானே நடக்குமாம்."

"சும்மா இருக்க ராஜா எதற்கு? பொழுது சாய்வதற்குள் நிரூபித்துக் காட்டும். இல்லாவிட்டால் வடக்கு எல்லைக்குப் போய் மதிலுக்குக் கல் சுமக்கலாம்."

பக்கத்தில் நின்ற தலைமை அமைச்சர் குவோ மானுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. லூ ஷென்னை ஒழிக்க அவர் வெகுநாளாகக் காத்திருந்தார்.

லூ ஷென் பணிவாகச் சொன்னார்: "தலைமை அமைச்சர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அவருடைய மறுப்பை முதலில் கேட்டுவிடலாமே, அரசே."

குவோ மான் விடுவாரா? "அரசன் ஓயாமல் உழைக்க வேண்டும். அதற்கு முன்னோர் காட்டிய காரணங்கள் பல" என்று ஆரம்பித்தார். அரசர் குடை நிழலில் சாய்ந்தார். விடியலில் எழுந்து ஏர் பிடித்த உடம்பு. பேச்சு தாத்தா காலத்துக் கதைக்கு வருவதற்குள் அரசர் தலை ஆடியது. ஆமோதிக்கிறார் என்று நினைத்துக் குவோ மான் குரலை உயர்த்தினார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

அந்தச் சபையில் ஒரு விதி. அரசர் முன் பேசத் தொடங்கியவர், அரசர் கையை உயர்த்தும்வரை நிறுத்தக் கூடாது. தூங்குகிறவர் எங்கே கையை உயர்த்துவது? குவோ மான் வெயிலில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். லூ ஷென்னுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அரசரை எழுப்பவில்லை. அரசர் குடையை விட்டு நகராததைக் கண்ட குடியானவர்கள் சட்டென்று ஏர் பூட்டினார்கள்.

அரசர் கண்விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. நிலம் முழுவதும் உழுது கிடந்தது.

"யாரய்யா மேற்பார்வை பார்த்தது?"

"யாருமில்லை, அரசே. தாங்கள் சும்மா இருந்தீர்கள். எல்லாம் நடந்துவிட்டது."

அரசர் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. "சரி, நீர் ஜெயித்தீர். கல் சுமக்க வேண்டாம். என்ன பரிசு வேண்டும்?"

"எனக்கு எதற்குப் பரிசு? நானும் சும்மாதான் நின்றேன். காலையிலிருந்து தாவோவுக்காகப் பாடுபட்டவர் இவர் ஒருவர்தான்."

லூ ஷென் கைகாட்டிய இடத்தில் குவோ மான் தொண்டை கம்மி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்: "ஆகையால் அரசன் ஒரு கணமும் ஓயக் கூடாது..."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒருவழியாகக் கையை உயர்த்தினார். லூ ஷென்னுக்குத் தம் பட்டு அங்கியைப் போர்த்திவிட்டு, குவோ மான் பக்கம் திரும்பினார்.

"அருமையான பேச்சு. அடுத்த வசந்தத்திலும் நான் சால் ஓட்டி முடித்ததும் நீரே பேச வேண்டும். ஒரு வார்த்தை குறையக் கூடாது."